குரோஷே பொம்மைகள், இரண்டு குழந்தைகள், ஒரு சின்ன வியாபாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இரண்டு குழந்தைகளுக்கு அம்மா. மூத்தவளுக்கு 9 வயது, சின்னவனுக்கு 4. வீட்டிலிருந்தபடியே கொக்கி ஊசியால் குரோஷே பொம்மைகள் பின்னி விற்கிறேன். ஆர்டர் கொடுக்க வருகிறவர்களும், தாங்களும் இப்படி ஏதாவது செய்யலாமா என்று யோசிக்கிற அம்மாக்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. வேலைக்கு நடுவே இரண்டு வரி பதில் அனுப்பினால் எனக்கே திருப்தியாக இருப்பதில்லை. அதனால் நிதானமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறேன்.

என்னென்ன செய்கிறீர்கள்?

பஞ்சடைத்த பொம்மைகள் மட்டும்தான். முயல், யானை, கரடி, பூனை. ஜப்பானில் இந்த வகைக்கு அமிகுருமி என்று பெயர். 'அமி' என்றால் பின்னியது, 'நுய்குருமி' என்றால் பஞ்சடைத்த பொம்மை. இரண்டும் சேர்ந்து ஒரே சொல்லாகிவிட்டது. ஆரம்பத்தில் பை, தொப்பி, மேசை விரிப்பு என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். எதிலும் கை தேறவில்லை, நூல்கண்டுகள்தான் அலமாரி நிறையச் சேர்ந்தன. பொம்மை மட்டும் போதும் என்று முடிவு செய்த பிறகே வேலை சீரானது.

ஸ்வெட்டர் பின்னுவதும் குரோஷேவும் ஒன்றுதானா?

இல்லை. ஸ்வெட்டருக்கு இரண்டு ஊசி. ஒரு வரிசைக் கண்ணிகள் (நூல் வளையங்கள்) மொத்தமும் ஊசியில் நிற்கும். குரோஷேவுக்கு ஒரே ஒரு கொக்கி ஊசி. ஒவ்வொரு கண்ணியைப் பின்னி முடித்ததும் ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில் இருக்கும். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. குழந்தை அழுதால் அந்தக் கண்ணியைக் கொஞ்சம் நீளமாக இழுத்து, அவிழாமல் பிடித்துக்கொள்ளும் மார்க்கர் என்ற சின்னக் கொளுவியை மாட்டி, அப்படியே போட்டுவிட்டு ஓடலாம். திரும்பி வரும்போது ஒன்றும் அவிழ்ந்திருக்காது.

உங்களுக்கு நேரம் எங்கிருந்து கிடைக்கிறது?

தானாகக் கிடைப்பதில்லை, பிரித்து எடுத்து வைத்துக்கொள்கிறேன். என் நாளில் இரண்டு விதமான நேரம் உண்டு. இருவரும் பள்ளிக்குப் போன பிறகு வரும் இரண்டரை மணி நேரம் முழு நேரம். எண்ணிக்கை தவறக்கூடாத வேலைகளான தலை, உடல், முகத் தையல் எல்லாம் அதில்தான். மற்றது துண்டு நேரம்: பள்ளி வாசலில் காத்திருக்கும் கால் மணி, மருத்துவமனை வரிசை, பாட்டு வகுப்பு முடியும் வரை. அதற்கென்று ஒரு சின்னத் துணிப்பையில் கை, கால், காது மாதிரியான உருப்படிகளை வைத்திருக்கிறேன். ஒரே அளவில் சுற்றிச் சுற்றிப் போகும் கையைப் பேசிக்கொண்டே பின்னலாம்.

சின்னவன் கைக்குழந்தையாக இருந்தபோது இந்தப் பிரிவினை எனக்குத் தெரியாது. தூங்கிவிட்டான் என்று தலையைத் தொடங்குவேன், 22-ஆவது கண்ணியில் எழுந்துவிடுவான். அவனைத் தட்டித் தூங்கவைத்துவிட்டு வந்தால் விட்டது 22-லா 23-லா என்று தெரியாது. பிரிப்பேன். ஒரே சுற்றை ஒரே நாளில் ஐந்து முறை பிரித்திருக்கிறேன். இப்போது ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் வேறு நிற நூல் துண்டு ஒன்றைக் கோத்து வைக்கிறேன். எந்தச் சுற்றில் நிற்கிறேன் என்பதைப் பொம்மையே சொல்லிவிடும், என் ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை.

மூத்தவளோடு ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. நான் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினால் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். சுற்று முடியும் வரை அவள் காத்திருப்பாள். முடிந்ததும் பின்னலைக் கீழே வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். இந்த இரண்டாவது பாதியில் நான் தவறிய நாட்களில் முதல் பாதியை அவளும் மதிப்பதில்லை. அவள் செய்வது நியாயம்.

ஒரு பொம்மைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

சாதாரண முயல் பொம்மைக்கு, முதல் கண்ணியிலிருந்து பார்சல் ஒட்டும் வரை ஏறக்குறைய 7 மணி நேரம். தலையை மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன், மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மேஜிக் ரிங் (இழுத்தால் இறுகும் நூல் வளையம்) போட்டு 6 கண்ணியில் தொடங்குவேன். அடுத்த சுற்றில் 12, பிறகு 18, 24, 30, 36. ஒவ்வொரு சுற்றிலும் 6 கண்ணிகளைச் சமமாகப் பிரித்துக் கூட்டினால் தட்டையான வட்டம் கிடைக்கும். கூட்டுவதை நிறுத்திவிட்டு 36-லேயே இன்னும் ஆறு சுற்று போனால் வட்டம் கிண்ணமாகக் குழியும். பிறகு 30, 24, 18, 12, 6 என்று குறைத்து மூடினால் உருண்டை. கூட்டிப் பாருங்கள்: ஒரு தலைக்கு 432 கண்ணிகள். நடுவில் யாரும் கூப்பிடாவிட்டால் எனக்கு முக்கால் மணி நேரம். 12-க்கு வருவதற்கு முன்பே பஞ்சை அடைத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு துளை வழியே விரல் நுழையாது.

உடல், கை, கால், காது எல்லாம் மூன்றரை மணி. பஞ்சடைத்து ஒன்றோடொன்று தைத்துச் சேர்ப்பது ஒன்றரை மணி. முகத்துக்கு அரை மணி. படம் எடுப்பது, பதில் எழுதுவது, பெட்டி கட்டுவது இன்னொரு முக்கால் மணி. கடைசியாகச் சொன்ன இதை எல்லாரும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள், நானும் முதல் இரண்டு வருடம் விட்டிருந்தேன்.

கொஞ்சம் நூலும் பஞ்சும்தானே, ஏன் இந்த விலை? எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள்?

கேட்பவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கண்ணுக்குத் தெரிவது நூல் மட்டும்தான். ஆனால் குரோஷே பொம்மையில் நூலின் பங்கு சிறியது, பெரும்பங்கு மணிக்கணக்கு. காலுறை பின்னும் எந்திரத்தை இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589-லேயே உருவாக்கிவிட்டார். குரோஷேவைத் தொழிற்சாலை அளவில் பின்னும் எந்திரம் இன்றும் புழக்கத்தில் இல்லை. எங்கேயாவது மிக மலிவாக ஒரு குரோஷே பொம்மையைப் பார்த்தால், அதையும் யாரோ ஒருவர் கையால்தான் பின்னியிருக்கிறார். அவருக்கு என்ன கூலி கிடைத்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு மனசு கனக்கிறது.

கணக்குக்கு வருகிறேன். உங்கள் ஒரு மணி நேரக் கூலியை 1 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். என் முயலுக்கு நேரம் 7 பங்கு. நூல், பஞ்சு எல்லாம் சேர்ந்து சுமார் 1 பங்கு. பெட்டி, ஊசித் தேய்மானம் மாதிரிச் சில்லறைச் செலவுகள் அரைப் பங்கு. மொத்தம் எட்டரைப் பங்கு.

'பொருள் செலவைப் போல மூன்று மடங்கு வை' என்று ஓர் அறிவுரை ஊரெல்லாம் உலவுகிறது. அதை நம்பினால் முயலின் விலை 3 பங்கு. செலவு ஒன்றரையைக் கழித்தால் உங்கள் 7 மணி நேரத்துக்கு மிஞ்சுவது ஒன்றரைப் பங்கு, அதாவது நீங்கள் நினைத்த கூலியில் ஐந்தில் ஒன்றை விடச் சற்றே அதிகம். பொருள் விலை அதிகமாகவும் வேலை நேரம் குறைவாகவும் உள்ள தொழிலுக்கு அந்தச் சூத்திரம் பொருந்தலாம். குரோஷேவுக்குப் பொருந்தவே பொருந்தாது. நானே அதை நம்பி ஒரு வருடம் பின்னினேன். ஆர்டர் நிறைய வந்தது, தூக்கம் போனது, கையில் ஒன்றும் நிற்கவில்லை.

இன்னொரு இடத்திலும் பலர் வழுக்குகிறார்கள். விற்பனைத் தளம் 10 சதவீதம் எடுக்கிறது என்றால் 100-ஐ 110 ஆக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். தளம் 110-இல் 10 சதவீதம், அதாவது 11 எடுக்கும். உங்களுக்கு வருவது 99. உங்களுக்கு வரவேண்டிய தொகையை 0.9-ஆல் வகுத்தால்தான் சரியான விலை கிடைக்கும். ஒரு பொம்மையில் ஒன்று குறைவது பெரிதாகத் தெரியாது. வருடக் கடைசியில் தெரியும்.

இந்த விலைக்கு யார் வாங்குவார்கள் என்று பயமாக இருக்கும். எனக்கும் இருந்தது. விலையை ஏற்றிய மாதம் விசாரித்தவர்களில் பாதிப் பேர் பதில் போடவில்லை. மீதிப் பேர் வாங்கினார்கள், அந்த மாதம் ராத்திரிகளில் தூங்கினேன்.

தோழிகளும் சொந்தக்காரர்களும் குறைத்துக் கேட்டால்?

பாதி விலைக்குக் கொடுப்பதை விட்டுவிட்டேன். கொடுத்தால் முழுப் பரிசாகக் கொடுப்பேன், விற்றால் முழு விலைக்கு விற்பேன். வருடத்துக்கு ஆறு பொம்மை பரிசுக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். யாருக்கு என்பதை நான்தான் முடிவு செய்வேன். இப்படிப் பிரித்த பிறகு மனக்கசப்பு குறைந்திருக்கிறது.

எந்த நூல் வாங்கலாம்?

பொம்மைக்கு நான் காட்டன் நூலையே சிபாரிசு செய்வேன். வுல்லன் மாதிரி முடி முடியாகப் பிரிந்து குழந்தையின் வாயில் ஒட்டாது, கண்ணிகளும் தெளிவாகத் தெரியும். லேபிளில் நிற எண்ணோடு சாயத் தொகுதி எண் என்று இன்னொன்று இருக்கும், ஒரே தடவையில் சாயமேற்றிய கண்டுகளுக்கு ஒரே எண். ஒரே பொம்மைக்கு அந்த எண் ஒன்றாக உள்ள கண்டுகளையே எடுங்கள். ஒரே நிறப் பெயரில் வேறு தொகுதி வாங்கினால், கடை விளக்கில் ஒன்றாகத் தெரிந்தது வீட்டு ஜன்னலோரம் இரண்டாகத் தெரியும். நூல் சொல்லும் அளவை விட ஓர் அளவு சின்ன ஊசியைப் பிடியுங்கள். பின்னல் இறுக்கமாக இருந்தால்தான் பஞ்சு வெளியே எட்டிப் பார்க்காது.

அடர்நிறங்களைச் சோதிக்காமல் வெள்ளையோடு சேர்க்காதீர்கள். வெள்ளை முயலுக்குச் சிவப்புப் பாவாடை பின்னி அனுப்பினேன். வாங்கிய அம்மா ஒருமுறை துவைத்ததும் முயலின் வயிறு முழுக்க ரோஜா நிறம் இறங்கிவிட்டது. அவர் கோபப்படவே இல்லை, "பாப்பா இதுவும் பிடித்திருக்கிறது என்கிறாள்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோது எனக்குத்தான் தாங்கவில்லை. புதிதாகப் பின்னி அனுப்பினேன். அதிலிருந்து ஒரு முழ நூலை நனைத்து, வெள்ளைத் துணியில் சுருட்டி, இரவு முழுதும் கனமான டப்பாவுக்கு அடியில் வைக்கிறேன். காலையில் துணியில் கறை இருந்தால் அந்த நூல் பொம்மைக்கு வேண்டாம். வினிகர், உப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். ஏற்கெனவே சாயமேற்றிய காட்டன் நூலில் அது பலிக்காது.

பொம்மையின் கண் பாதுகாப்பானதா? என் குழந்தை எதையும் வாயில் வைப்பான்.

இதை மட்டும் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

நான் முதன்முதலில் பின்னிய முயல் என் மகனுக்குத்தான். கறுப்புப் பொத்தான்களைக் கண்ணாகத் தைத்தேன். அவனுக்குப் பத்து மாதம். ஒரு மத்தியானம் முயலின் முகத்தைச் சப்பிக்கொண்டிருந்தான். துடைக்கலாம் என்று வாங்கினேன். ஒரு கண் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது, எச்சிலில் நனைந்து, விரலால் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. இன்னும் பத்து நிமிடம் நான் அந்தப் பக்கம் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தப் பொத்தானைத் தையல் டப்பாவின் மூடிக்குள் ஒட்டிவைத்திருக்கிறேன், தினமும் கண்ணில் படட்டும் என்று.

3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கான பொம்மையில் சின்னப் பாகம் எதுவும் கழன்று வரக்கூடாது. எது சின்னது என்பதற்கு ஓர் உருளை அளவு இருக்கிறது: விட்டம் 31.7 மில்லிமீட்டர், சாய்வான அடிப்பாகம், ஆழம் 25.4-இலிருந்து 57.1 மில்லிமீட்டர் வரை. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கக்கூடியதாகக் கருதப்படும். ஐரோப்பாவும் அமெரிக்காவும் இந்த அளவையே பயன்படுத்துகின்றன.

'சேஃப்டி ஐ' என்று விற்கும் பிளாஸ்டிக் கண்களில் பின்பக்கம் ஒரு வாஷர் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டு உறுதியானதுதான். ஆனால் கண் உட்கார்ந்திருப்பது பின்னலில். இழுக்க இழுக்கக் கண்ணி விரிந்தால் வாஷரோடு சேர்ந்தே வெளியே வந்துவிடும். அதனால் 3 வயதுக்குக் கீழே என்றால் நூலால் தைத்த கண் மட்டுமே போடுவேன். பிளாஸ்டிக் கண்தான் அழகு என்று வற்புறுத்தினாலும் செய்ய மாட்டேன், ஆர்டர் போனாலும் பரவாயில்லை.

வீட்டில் செய்து விற்கும் பொம்மைக்கும் சட்டம் உண்டா?

பல நாடுகளில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் பொம்மையில், அந்த ஊர்ப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ (CE) குறியீடு வேண்டும், வீட்டில் பின்னியதுக்கும் அதே விதிதான். அமெரிக்காவில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் 12 வயது வரையிலான குழந்தைகளின் பொருள்களுக்குச் சோதனை கேட்கிறது. சிறிய அளவில் செய்பவர்கள் பதிவு செய்தால் சில சலுகைகள் கிடைக்கும். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்குத் தர முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. எந்த நாட்டுக்கு அனுப்புகிறீர்களோ அந்த நாட்டு விதியைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

துவைக்கலாமா?

லேசான சோப்பு, குளிர்ந்த தண்ணீர், கையால். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்துங்கள். தொங்கவிட்டால் கழுத்து நீண்டுவிடும், படுக்கவைத்துக் காயவிடுங்கள். உள்ளே இருக்கும் பாலியஸ்டர் பஞ்சு முழுதாகக் காய ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

கார்ட்டூன் பாத்திரம் பின்னித் தருவீர்களா?

மன்னியுங்கள், இல்லை. அதை உருவாக்கியவர்களுக்கு உரிமை இருக்கிறது, அனுமதி இல்லாமல் விற்பது தவறு. என் முயலை யாராவது அப்படியே நகலெடுத்து விற்றால் எனக்கு வலிக்குமல்லவா? மற்றவர்கள் எழுதிய பேட்டர்னிலிருந்து (பின்னல் செய்முறைக் குறிப்பிலிருந்து) பின்னும்போதும், பின்னியதை விற்க அனுமதி உண்டா என்று கடைசிப் பக்கம் வரை பார்ப்பேன்.

பேட்டர்னைப் பார்த்துப் பின்னினேன், அளவே சரியாக வரவில்லை. ஏன்?

பெரும்பாலும் அது அமெரிக்கப் பெயரா பிரிட்டிஷ் பெயரா என்ற குழப்பம். அமெரிக்காவில் சிங்கிள் குரோஷே என்று சொல்லும் கண்ணி வகைக்கு பிரிட்டனில் டபுள் குரோஷே என்று பெயர். வழக்கமாக முதல் பக்கத்தில் எந்த முறை என்று போட்டிருக்கும்.

கை வலிக்காதா?

வலிக்கும். தலையணையை மடியில் வைத்து முழங்கையைத் தாங்கி, அரை மணிக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைப்பேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனாலோ, ராத்திரி அதனால் விழிப்பு வந்தாலோ தைலம் தேய்த்துக்கொண்டு நாள் தள்ளாதீர்கள். மணிக்கட்டில் நரம்பு நெருக்குவதன் அடையாளமாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். கர்ப்ப காலத்தில் இது வர வாய்ப்பு அதிகம். எனக்கு சின்னவன் வயிற்றில் இருந்தபோது வந்தது. இரண்டு மாதம் ஊசியைத் தொடவில்லை.

குழந்தைகள் உதவுகிறார்களா?

ஆசைப்பட்டால் செய்யலாம், ஆர்டருக்காகச் செய்யச் சொல்ல மாட்டேன். மூத்தவளுக்குப் பஞ்சடைப்பது பிடிக்கும். கட்டியாக அப்படியே திணிக்காமல், விரலால் பிய்த்துப் பூவாக்கி, முதலில் ஓரங்களுக்கும் பிறகு நடுவுக்கும் தள்ளுவாள். "கன்னம் வந்துடுச்சு பாரும்மா" என்று தூக்கிக் காட்டுவாள். உண்மையிலேயே கன்னம் வந்திருக்கும். சின்னவன் நூல் துண்டுகளை நிறம் பிரித்து டப்பாவில் போடுவான், மறுநாள் எல்லாவற்றையும் கொட்டிக் கலப்பான். ஊசியும் கத்தரியும் மட்டும் பூட்டிய டிராயரில்.

வீட்டில் இதை ஒரு வேலையாக மதிக்கிறார்களா?

முதலில் நானே மதிக்கவில்லை, அதுதான் உண்மை. "சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் ஏதோ பின்னுகிறேன்" என்றுதான் எல்லாரிடமும் சொல்வேன். நானே அப்படிச் சொல்லும்போது மற்றவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

ஒரு மாதம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டினேன். பின்னிய நேரம், பதில் எழுதிய நேரம், பார்சல் கட்டிய நேரம் எல்லாவற்றையும் அதில் குறித்தேன். மாதக் கடைசியில் கூட்டினால் 61 மணி. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. என் கணவர் தண்ணீர் எடுக்க வந்தவர் கதவைத் திறக்காமல் அதையே படித்துக்கொண்டு நின்றார். "ஏழரை நாள் ஆபீஸ் வேலை இது" என்றார். அடுத்த வாரத்திலிருந்து பெட்டி கட்டுவதும் கூரியரில் சேர்ப்பதும் அவர் பொறுப்பு. அத்தையும் அந்தத் தாளைப் பார்த்தார்கள். காலை இரண்டரை மணி நேரத்தில் வருகிற போனை இப்போது அவர்களே எடுத்து, "வேலையில் இருக்கா, அப்புறம் கூப்பிடுங்க" என்கிறார்கள். அந்த 'வேலையில்' என்ற சொல்லை முதல்முறை கேட்டபோது பின்னிக்கொண்டிருந்த சுற்றை விட்டுவிட்டேன்.

1840-களின் பஞ்சத்தில் அயர்லாந்துப் பெண்கள் குரோஷே லேஸ் பின்னி விற்றுத்தான் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றினார்கள். இதே ஊசி, இதே நூல். இதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொடங்க நினைக்கிற அம்மாக்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: நூல் வாங்குவதற்கு முன் ஒரு தாளை ஒட்டி மணிகளைக் குறிக்கத் தொடங்குங்கள்.

இப்போது ஆர்டர் கொடுத்தால் எப்போது கிடைக்கும்?

வாரத்துக்கு இரண்டு பொம்மைதான் என்னால் முடியும். வரிசையில் எட்டுப் பேர் சேர்ந்ததும் ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுவேன். எனவே நான்கு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பிறந்தநாளுக்கு வேண்டுமென்றால் ஆறு வாரத்துக்கு முன்பே எழுதுங்கள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் தாமதமாகும். அன்றே தெரிவித்துவிடுவேன், வேண்டாம் என்றால் முன்பணத்தை முழுதாகத் திருப்பித் தருவேன். எழுதும்போது எந்த விலங்கு, என்ன நிறம் என்பதோடு பொம்மை வாங்கப்போகும் குழந்தையின் வயதையும், அந்த வீட்டில் அதைவிடச் சின்னக் குழந்தை இருக்கிறதா என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். கண்ணை எப்படி வைப்பது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.